ஒருதடவை காட்டிப் பாருங்க

செல்வலட்சுமிக்கு வெளியாட்களிடம் கோபம் வந்தால் சத்தம் வராது. பேச்சு குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வராந்தாவில் சுகிர்தா டீச்சர் சொல்லச் சொல்ல அவளுக்கு அப்படித்தான் ஆனது.

அவள் ஊர் ஆனைக்குட்டத்துக்குப் பக்கம். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் கொண்டுவந்து இறக்கும். தீபாவளி ஆர்டர் குவிகிற சீசனில் அரைநாள் லீவு கேட்டால் போர்மேன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தப் பேச்சு.

"பிரீத்திகா கெட்டிக்காரிங்க" என்றுதான் டீச்சர் ஆரம்பித்தார். "வாய்க்கணக்குக் கேட்டா, மத்த பிள்ளைக விரல் மடக்குறதுக்குள்ள விடையைச் சொல்லிருவா. அதையே எழுதச் சொன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவா. வகுப்புல ஒரு எடத்துல உக்கார முடியல அவளால. நேத்துப் பக்கத்துப் பிள்ளை எழுதிக்கிட்டு இருக்கும்போதே கையில இருந்து பேனாவைப் பிடுங்கிட்டா. கேட்டா, 'ஏன் பிடுங்குனேன்னு தெரியல டீச்சர்'ங்குறா. ரெண்டாப்பு டீச்சரும் போன வருசம் முழுக்க இதையேதான் சொன்னாங்க. எனக்கென்னமோ இது அடம் மாதிரித் தெரியல. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு தனியாப் பாக்குறாங்க. ஒருதடவை காட்டிப் பாருங்க."

"எம்புள்ளைக்குப் பைத்தியம்ங்கிறீகளா டீச்சர்?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலங்க."

"டிவியைப் போட்டா அசையாம உக்காந்திருக்கா. உக்காரத் தெரியாமலா இருக்கு? இங்கன உக்கார வைக்கத் தெரியலன்னா அது அவ குத்தமா?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்வலட்சுமி படியிறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே போகவில்லை.

செல்வலட்சுமி காரியாபட்டிப் பக்கத்துப் பெண். பத்தாப்பு வரை படித்தவள். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலை பார்த்தவர்கள். முனியராஜுக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோது பட்டாசு என்றால் தீபாவளிக்கு வெடிப்பது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வந்த வருசமே கம்பெனிக்குப் போனாள். கை சீக்கிரம் பழகிவிட்டது. அவள் பின்னிய சரத்தில் ஒரு வெடிகூடத் தளர்ந்து தொங்காது என்று போர்மேனே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

வேலையைவிட அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது அடக்கம். செருப்பை வெளியே விட்டு, உடம்பில் தங்கியிருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் காலை வைக்கவேண்டும். உள்ளே ஓடக்கூடாது. எதையும் தரையில் இழுக்கக்கூடாது, உரசக்கூடாது, எறியக்கூடாது. இரும்புச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. கல்யாணமான புதிதில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தபோது, அடுத்த வரிசையில் ஒரு அறை அவள் கண் முன்னாலேயே வெடித்துப் போனது. எதனால் வெடித்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு தட்டைக்கூடச் சத்தம் வராமல்தான் கீழே வைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வந்து பிறந்தவள் பிரீத்திகா.

நடக்கிற வயதில் அந்தப் பிள்ளை ஓடத்தான் பழகியது. சாப்பிட உட்கார்ந்தால் ரெண்டு வாய்க்குள் எழுந்துவிடும். தண்ணீர் மோந்து வரச் சொன்னால் செம்போடு போய், வழியில் கோழியைப் பார்த்து அதன் பின்னால் போய், செம்பை எங்கே வைத்தோம் என்பதே மறந்து வெறுங்கையோடு வந்து நிற்கும். அடுத்தவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே பதில் சொல்லும். கோயில் வரிசையில் நிற்காது. மாடு, கிணறு, பஸ் எதைக் கண்டும் பயம் கிடையாது. பென்சில், ரப்பர், ஒற்றைச் செருப்பு என்று ஏதாவது ஒன்று தொலைந்துகொண்டே இருக்கும்.

ஆம்பளைப் பிள்ளை என்றால் வாலு என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பொம்பளைப் பிள்ளை ஆடினால் ஊர் தாயைத்தான் பார்க்கும். ஒரு சடங்கு வீட்டில் பந்திக்கு வைத்திருந்த பாயசத்தை அண்டாவோடு சாய்த்துவிட்டாள் பிரீத்திகா. "தாய் கம்பெனியே கதின்னு கெடந்தா பிள்ளை இப்படித்தான் வளரும்" என்று யாரோ பின்னால் சொன்னது செல்வலட்சுமியின் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகளை அடித்த அடியில் விளக்குமாற்றுக் குச்சிகள் உதிர்ந்தன.

டீச்சரிடம் கோபித்துக்கொண்டு வந்த பிறகு தன் பாட்டுக்கு எல்லாம் செய்து பார்த்தாள். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். கயிறு மந்திரித்துக் கட்டினாள். டிவி ஒயரைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். டியூசனுக்கு அனுப்பினாள், ஒரு வாரத்தில் டியூசன் அக்காவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. கெஞ்சினாள், மிரட்டினாள், மிட்டாய் தருவதாக ஆசை காட்டினாள். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை.

முனியராஜ் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவன் வேன் டிரைவர், வேறொரு கம்பெனிக்கு ஓட்டுகிறான். அச்சாபீஸ், லோடு வேலை, பரோட்டாக் கடை என்று கால் வைக்காத இடமில்லை. எதிலும் தங்காமல் கடைசியில் ஸ்டியரிங்கில் வந்து நின்றவன். "எம்மக என்னைய மாதிரி. விடு செல்வி. நான் இப்பச் சோறு திங்கலையா?" என்று சிரிப்பான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து தெருவுக்குப் போய்விடுவான்.

பிரீத்திகாவோடு விளையாடப் பிள்ளைகள் வருவது மெல்ல மெல்ல நின்றது. எதிர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கேக் தின்றுவிட்டுக் கையில் பலூனோடு போனார்கள். இவளைக் கூப்பிடவில்லை. கதவில் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்திருந்தவள் அடுப்படிக்கு வந்து, "நான் கெட்ட பிள்ளையாம்மா?" என்று கேட்டாள். செல்வலட்சுமி கையில் இருந்த மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அடம் பிடிக்கிற பிள்ளை இப்படி வந்து கேட்குமா என்று அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சந்தேகம் தட்டியது. ஆனாலும் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்ததும் மனசு முறுக்கிக்கொண்டது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ரெண்டு வீடு தள்ளி இருந்தவள் பஞ்சம்மாள். செல்வலட்சுமி அவளை மைனி என்று கூப்பிடுவாள். பஞ்சம்மாள் வீட்டுப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் அவள் கருந்திரி போட்டாள். வெடிக்குள் வைக்கிற திரி அது. நூலை வெடிமருந்தில் தோய்த்துக் கொடியில் காயப்போட்டு எடுப்பது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடாது, போலீஸ் பிடித்தால் கேஸ். தெருவுக்கே தெரியும், தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. செல்வலட்சுமியும்தான்.

அன்றைக்கு அவள் பின்வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிரீத்திகா அடுப்படியிலிருந்து இரும்புக் கரண்டியை எடுத்துவந்து துவைக்கிற கல், குடம், சுவர் என்று கண்டதையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தாள். "போதும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் விட்டுவிட்டாள். போர்வையை முறுக்கிப் பிழிந்தபோதுதான் தட்டுகிற சத்தம் நின்றிருப்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையைக் காணோம். அப்புறம் கேட்டது அந்தச் சத்தம். தகரத்தில் இரும்பு விழுகிற சத்தம்.

எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. பஞ்சம்மாள் கொட்டகை வாசலில் சிலை மாதிரி நின்றாள். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே கொடி கொடியாகத் திரி தொங்கியது. தரையில் கறுப்பாகத் தூள் உதிர்ந்து கிடந்தது. அந்தக் கொடிகளுக்கு நடுவில் குனிந்தும் வளைந்தும் ஓடிக்கொண்டு, போகிற போக்கில் தகரச் சுவரைக் கரண்டியால் தட்டினாள் பிரீத்திகா. ஒவ்வொரு தட்டுக்கும் கொடிகள் ஆடின.

"கத்தாதீக மைனி" என்றாள் செல்வலட்சுமி, உதடு மட்டும் அசைய.

கத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை திடுக்கிட்டு இன்னும் வேகமாக ஓடும். கூப்பிட்டால்? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். புதிதாக ஒன்றில் கண் பட்டால் கையில் இருப்பதை அந்த இடத்திலேயே போட்டுவிடுகிற பிள்ளை அது. சிமெண்டுத் தரை, மேலே மருந்துத் தூள், இரும்புக் கரண்டி.

செல்வலட்சுமியின் சேலை துவைத்த தண்ணீரில் நனைந்திருந்தது. உரசிப் பொறி தட்டாமல் இருக்க, கொட்டகை வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கால் ரெண்டையும் முக்கி எடுத்தாள். கம்பெனியில் நடக்கிற மாதிரி, பாதத்தைத் தூக்கி வைத்து உள்ளே போனாள். தலைக்கு மேல் திரி உரசாமல் குனிந்துகொண்டாள். மகள் சுவரோரம் திரும்புகிற இடத்தில், ரெண்டு கொடிக்கு நடுவில் முட்டுக்கால் போட்டு உட்கார்ந்தாள். இடது கையை மூடி முன்னால் நீட்டினாள். வலது கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

பிரீத்திகா வந்து அவள் முன்னால் நின்றாள். நின்றாளே தவிர உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. கரண்டியும் ஆடியது.

"உள்ள என்னம்மா?"

"கரண்டியை இந்தக் கையில குடு. காட்டுறேன்."

"மொதல்ல காட்டு."

"மொதல்ல கரண்டி."

பிள்ளையின் கண் மூடிய கையிலேயே இருந்தது. கரண்டி பிடித்த விரல்கள் தளர்வதைச் செல்வலட்சுமி பார்த்தாள். வலது கையை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோனாள். கரண்டி நழுவி உள்ளங்கையில் விழுந்தது. விழுந்ததை மார்போடு ஈரச் சேலைக்குள் அணைத்துக்கொண்டாள். மறு கையால் மகளை இடுப்பில் வாரி எடுத்து, குனிந்தபடியே வெளியே வந்தாள்.

வெளியே வந்ததும் பிரீத்திகா அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "ஏமாத்திட்ட" என்று அழ ஆரம்பித்தாள்.

பஞ்சம்மாளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "பிள்ளையக் கட்டிப்போட்டு வளக்கத் தெரியாதா ஒனக்கு? தெருவே போயிருக்குமே."

"ஆமா மைனி, போயிருக்கும்" என்றாள் செல்வலட்சுமி. "எம்புள்ளைய நான் பாத்துக்கிறேன். இனிமே இங்கன திரி காயுறதைப் பாத்தா, ஸ்டேசனுக்குப் போற மொத ஆளு நான்தான்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரீத்திகா அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கன போகக்கூடாதுன்னு நான் சொல்லிருக்கேனா இல்லையா?"

"சொல்லிருக்க."

"மருந்து இருக்கிற எடத்துல ஓடுனா என்ன ஆகும்னு சொல்லிருக்கேனா?"

"வெடிச்சிரும். எல்லாரும் செத்துருவோம்." ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள் பிள்ளை. பிறகு குரல் இறங்கியது. "உள்ள போனதும் எனக்கு ஞாபகம் வந்துருச்சும்மா. நிக்கணும்னுதான் நெனச்சேன். கால் நிக்க மாட்டேங்குது."

செல்வலட்சுமி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசமாக இந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்பதில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தாள். கேட்டிருக்கிறது. ஒரு சொல் விடாமல் மனசில் வைத்திருக்கிறது. வைத்திருந்தும் அதனால் முடியவில்லை. வேனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றால் வேனையா அடிப்பார்கள்?

சாயங்காலம் முனியராஜ் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றதும் வெளுத்த முகம் சிவந்தது.

"ஆஸ்பத்திரியில சீட்டு எழுதிட்டா அதோட முடிஞ்சது. நாளைக்கு அவளைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

"நாளைக்கு அவ இருக்கணும்லங்க, பொண்ணு கேட்டு வர."

"வாயை மூடு."

"நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க."

அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் பேச்சை அவள் மீறியது அதுதான் முதல் தடவை.

கம்பெனியில் போர்மேன் ராஜபாண்டியன், "சீசன்ல லீவு கேட்டா நான் யாரை வச்சு லோடு ஏத்த? வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார். "போட்டுக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொல்லிவிட்டாளே தவிர, வேலை போனால் மாசச் செலவுக்கு என்ன செய்வது என்று அன்று முழுக்கக் கணக்குப் போட்டாள்.

விருதுநகர் பஸ்சில் பிரீத்திகா மூன்று சீட் மாறினாள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, தலை நிற்காத ஒரு பிள்ளை, காதில் மிஷின் மாட்டிய ஒரு பிள்ளை. ஓடியாடுகிற பிள்ளையை இங்கே கொண்டுவந்திருக்கிறோமே என்று செல்வலட்சுமிக்குக் கூசியது. இதெல்லாம் ஒரு நோயா என்று டாக்டர் திட்டி அனுப்பிவிட்டால்? அதுகூடப் பரவாயில்லை. பெரிதாக எதையாவது சொல்லிவிட்டால்? எழுந்து போய்விடலாம் என்று தோன்றிய நேரத்தில் பேரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் லட்சுமிகாந்தம் அவசரப்படாத மனுசர். பிரீத்திகா மேசைமேல் இருந்த முத்திரையை எடுத்துத் தன் கையிலேயே குத்திக்கொண்டதை அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். எப்போதிருந்து இப்படி? வீட்டில் மட்டுமா, பள்ளிக்கூடத்திலுமா, விசேச வீடுகளிலுமா? ராத்திரி தூங்குகிறாளா, குறட்டை உண்டா? வலிப்பு வந்திருக்கிறதா? கூப்பிட்டால் காது கேட்கிறதா? வீட்டில் சண்டை உண்டா? யாராவது அடிக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்குச் செல்வலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் சார். அடிச்சிருக்கேன்."

"அடிச்சதும் மாறுச்சா?"

"இல்ல."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மனதில் அரித்துக்கொண்டிருந்ததை அவளே கேட்டாள். "டிவி பாத்தா மட்டும் அம்புட்டு நேரம் உக்காந்திருக்கா சார். அப்ப இது திமிருதான?"

"டிவி நொடிக்கு நொடி மாறுதும்மா. அவளைப் பிடிச்சு வைக்கிற வேலையை அதுவே பாத்துக்கும். கணக்கு நோட்டு அப்படி மாறாது. பிடிக்காத வேலையில, மெதுவாப் போற வேலையில, தன்னைத் தானே பிடிச்சு வைக்க முடியுதாங்கிறதைத்தான் நாங்க பாக்கணும்."

"எல்லாப் பிள்ளைகளும் குறும்பு பண்ணத்தானே செய்யுது? எங்க வீட்டுக்காரரு அதைத்தான் சொல்றாக."

"அவரு சொல்றதும் சரிதான். எல்லாப் பிள்ளையும் ஓடும், மறக்கும், அடம் பண்ணும். அதுக்கெல்லாம் இங்க வர வேண்டாம். அவ வயசுப் பிள்ளைகளைவிட ரொம்பக் கூடுதலா இருந்து, மாசக்கணக்கா விடாம இருந்து, வீடு பள்ளிக்கூடம் ரெண்டு எடத்துலயும் இருந்து, படிப்பும் சேக்காளிகளும் அதனால கெட்டுப்போகுதுன்னா அப்ப வந்து காட்டணும். இன்னைக்கே நான் ஒரு பேரு வச்சிர மாட்டேன். காதையும் கண்ணையும் பாக்கணும். ரத்தம் எடுக்கணும். டீச்சர் என்ன பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியணும். பிள்ளையோட அப்பாவும் வரணும்."

டீச்சரிடம் எழுதி வாங்க ஒரு தாள் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பது கொட்டகைக்குள் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது செல்வலட்சுமிக்கு. சுகிர்தா டீச்சர் அவளைப் பார்த்ததும் தானாகவே வெளியே வந்தார்.

"அன்னைக்கு நான் பேசுனது..." என்று ஆரம்பித்தாள்.

"குடுங்க" என்று தாளை வாங்கிக்கொண்டார் டீச்சர். "என் வகுப்புல மட்டும் நாலஞ்சு பிள்ளைகளைப் பாத்து எனக்கு இப்படித் தோணிருக்கு. எல்லார் வீட்டுலயும் சொன்னேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போனது நீங்க மட்டும்தான்."

காதும் கண்ணும் சரியாக இருந்தன. ரத்தம்தான் கொஞ்சம் குறைவு. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து வரச்சொன்ன நாள் நெருங்கியது. முனியராஜ் அசைந்து கொடுக்கவில்லை. செல்வலட்சுமியும் கெஞ்சவில்லை. வீட்டில் ரெண்டு பேரும் பிள்ளை வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

போகவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், முனியராஜ் வேன் கழுவிக்கொண்டிருந்தான். பிரீத்திகா டயர்மேல் ஏறி நின்று கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு ஊசி போட்டா என் கால் நின்னுருமா?"

"எதுக்கு நிக்கணும்?"

"நின்னா பிரண்டு கெடைக்கும்லப்பா."

அவன் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றான்.

ஆஸ்பத்திரியில் அவன் உட்காரவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் படித்தான், தண்ணீர் குடித்தான், வெளியே போனான், வந்தான். உள்ளே கூப்பிட்டதும் சுவரோரமாக நின்றான். டாக்டர் டீச்சர் எழுதியதைப் படித்தார். செல்வலட்சுமியிடம் இன்னும் சில கேட்டார். பிறகு, "வீட்டுல வேற யாராவது சின்ன வயசுல இப்படி இருந்திருக்காங்களா?" என்றார்.

வழக்கமாகச் சொல்கிற மாதிரி 'என்னைய மாதிரி' என்று சிரித்துச் சொல்வான் என்று நினைத்தாள் செல்வலட்சுமி. அவன் சிரிக்கவில்லை.

"நான்தான் சார். ஒரு எடத்துல இருக்க மாட்டேன்னு எங்க வாத்தியாரு என்னைய சன்னல் கம்பியில கட்டிப்போடுவாரு. தெனமும்தான். ஒருநாளு அவுத்துவிட மறந்துட்டுப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டுப் போயிட்டாரு. இருட்டுன பொறகு எங்கய்யா தேடி வந்து, கூரை ஓட்டைப் பிரிச்சு எறங்கி அவுத்துவிட்டாரு." அவன் மகள் பக்கம் பார்த்தான். "அதுக்கப்பறம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகல. இங்க கூட்டிட்டு வந்தா எம்மகளுக்கும் கயிறுதான்னு நெனச்சேன்."

ஒன்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் கதை தெரியாது. பிரீத்திகா அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றார் டாக்டர். இந்தத் தடவை முனியராஜ் உட்கார்ந்தான்.

"இதுக்கு ஏடிஹெச்டின்னு பேரு. புத்திக் கொறவு இல்ல, பைத்தியம் இல்ல, வளர்ப்புக் கோளாறும் இல்ல. கவனத்தையும் உடம்பையும் பிடிச்சு நிறுத்துற சக்தி இந்தப் பிள்ளைகளுக்கு மெதுவாத்தான் வளரும். குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம். கயிறு கிடையாது. மொதல்ல உங்களுக்குத்தான் பயிற்சி. ஒரு நேரத்துக்கு ஒரே வேலை சொல்லணும். பக்கத்துல போயி, முகத்தைப் பாத்துச் சொல்லணும். செஞ்சா உடனே அதைச் சொல்லிப் பாராட்டணும். பள்ளிக்கூடத்துல முன்வரிசையில உக்கார வைக்கணும். கொஞ்ச மாசம் பாத்துட்டு மாத்திரை வேணுமான்னு யோசிப்போம்."

"மாத்திரை போட்டா மந்தமாயிருவாளா?" என்று கேட்டான் முனியராஜ்.

"மந்தமானா மருந்து சரியில்லைன்னு அர்த்தம். வந்து சொல்லுங்க, மாத்துவோம்."

வெளியே வந்து மரத்தடியில் செல்வலட்சுமி அழுதாள். கவலையா நிம்மதியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முனியராஜ் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. போர்மேன் வேறு ஆளைப் போடவில்லை. ஆனால் சீசன் முடிகிற வரை முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. பஞ்சம்மாள் திரிக் கொட்டகையைப் பிரித்துவிட்டாள். செல்வலட்சுமியோடு பேசுவதையும் விட்டுவிட்டாள். தீபாவளி கழிந்து சில மாதம் பார்த்த பிறகு மாத்திரை தொடங்கினார்கள். முதல் மாத்திரையில் பிள்ளைக்குப் பசி போய்விட்டது, சட்டை தொளதொளத்தது. பயந்து நிறுத்தப் போனவளை முனியராஜ்தான் டாக்டரிடம் கூட்டிப்போனான். அளவைக் குறைத்துக் கொடுத்தார். அது ஒத்துக்கொண்டது.

சுகிர்தா டீச்சர் பிரீத்திகாவை முன்வரிசையில் உட்காரவைத்து, பத்துக் கணக்கை ரெண்டு ரெண்டாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் எழுந்து போகவேண்டும் போல் இருந்தால் சாக்பீஸ் எடுத்து வருகிற வேலை. வீட்டில் செல்வலட்சுமி ஒரு நேரத்துக்கு ஒரு சொல் என்று பழகிக்கொண்டாள். அலுத்துப்போய் வந்த நாட்களில் பழையபடி கத்திவிட்டு, பிறகு போய்ப் பக்கத்தில் உட்காருவாள். விளக்குமாறு கூட்டுவதற்கு மட்டும்தான்.

இப்போது பிரீத்திகா அஞ்சாப்பு. இன்னும் செருப்புத் தொலைகிறது. அரைப் பரீட்சையில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். எதிர் வீட்டுப் பிள்ளையும் அவளும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். வாரத்துக்கு ஒரு சண்டை, மறுநாள் ராசி.

போன மாதம் கம்பெனி வேனில் திரும்பும்போது பானுப்பிரியா என்ற பெண் செல்வலட்சுமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். மகன் ரெண்டாப்பு படிக்கிறானாம். வேன் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அளவுக்கு இருக்கான்னு தெரியலக்கா" என்றாள் கடைசியில். "ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எனக்குத் தெரியவே இல்ல" என்றாள் செல்வலட்சுமி. "டீச்சருக்குத் தெரிஞ்சது. நான் அவுககூடச் சண்டை போட்டுட்டு வந்தேன். பிள்ளை சாவு வரைக்கும் போயிட்டு வந்தா. நீ அம்புட்டுத் தூரம் போகாத. ஒம்மகன் வகுப்புல எப்படி இருக்கான்னு டீச்சர்கிட்டக் கேட்டியா?"

"கேக்கப் பயமா இருக்குக்கா."

"நாளைக்குக் கேளு. அவுக சொல்றதை முழுசாக் கேட்டுட்டு வா. வீட்டுலயும் அதேதான்னா விருதுநகருக்குப் போயிரு. சும்மா ஓடியாடுற பிள்ளைதான்னா டாக்டரே சொல்லி அனுப்பிருவாரு, ஒரு பஸ் செலவோட போச்சு. ஒத்தையாப் போகப் பயமா இருந்தா சொல்லு. நான் லீவு போட்டு வாரேன்."

வேன் பானுப்பிரியாவின் ஊருக்குப் பிரிகிற விலக்கில் நின்றது. அவள் இறங்கவில்லை. இன்னும் கேட்பதற்கு அவளிடம் இருந்தது. செல்வலட்சுமி டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.